பாலத்துக்கு எந்தப் பக்கம்? செந்தூலிலிருந்து பினாங்குக்கு மாறிய ஒரு குடும்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

என் தங்கை குடும்பம் ஒரே ஆண்டில் இரண்டு முறை வீடு மாறியது. முதல் முறை கோலாலம்பூர் செந்தூலிலிருந்து பினாங்குக்கு, ஏறக்குறைய 350 கிலோமீட்டர். இரண்டாம் முறை பினாங்கின் பெருநிலப் பக்கத்துச் சிம்பாங் அம்பாட்டிலிருந்து தீவுப் பக்கத்துச் சுங்கை ஆராவுக்கு, கடலைத் தாண்டி. முதல் மாற்றத்துக்குக் காரணம் வேலை. இரண்டாவதற்குக் காரணம் நாங்கள் போட்ட தப்புக் கணக்கு. நாங்கள் என்பதில் நானும் உண்டு. கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. அந்த முதல் கணக்கை எக்செல்லில் போட்டுக் கொடுத்து, "சிம்பாங் அம்பாட்தான் சரி, யோசிக்காத" என்று சொன்னவனும் நான்தான். அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், எண்களை விடவில்லை.

வேலை வந்த விதம்

தங்கை டெஸ்ட் எஞ்சினியர். 2025 பிப்ரவரியில் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆபர் கடிதம் வந்தது. மாதம் 900 ரிங்கிட் கூடுதல் சம்பளம், ஒருமுறை இடமாற்றப் படி, முதல் 14 நாள் ஹோட்டல். ஓராண்டுக்குள் விலகினால் படியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது. நியாயமான வரிதான், ஆனால் அதைப் படித்த பிறகு "பிடிக்கலன்னா திரும்பி வந்துடலாம்" என்ற பேச்சு வீட்டில் நின்றுபோனது.

மின்னணுத் துறையில் இருப்பவர்களுக்குப் பினாங்கு புதிய பெயரில்லை. 1972-இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலத்தைத் திறந்தார்கள். இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி உட்பட முதலில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்' என்று இன்றும் சொல்வார்கள். அன்று வயலும் கிராமமுமாக இருந்த தீவின் தென்கிழக்கு மூலையை நோக்கித்தான் ஐம்பது வருடமாகக் காலையில் எல்லா வண்டியும் ஓடுகிறது. இந்த ஒரு வாக்கியத்தின் பொருள் எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.

மாப்பிள்ளை ஷா ஆலாமில் கிடங்கு மேற்பார்வையாளர். அவர் கம்பெனிக்குப் பிறையில் ஒரு கிளை உண்டு. கேட்டார், கொடுத்துவிட்டார்கள். ஆக மனைவிக்குத் தீவில் வேலை, கணவனுக்குப் பெருநிலத்தில் வேலை. எட்டு வயது மகள், தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. கூடவே எங்கள் அம்மா, 68 வயது, இரண்டு முழங்காலும் தகராறு.

செந்தூலில் அவர்களிடம் இருந்தது ஒரே கார், அதை மாப்பிள்ளை எடுத்துக்கொள்வார். தங்கை செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ரயில் ஏறுவாள். மாதம் 50 ரிங்கிட் பாஸ், ரயிலும் பஸ்ஸும் எத்தனை முறை வேண்டுமானாலும். பினாங்கில் அந்த 50 ரிங்கிட்டுக்கு ஈடாக இரண்டாவது கார் ஒன்று வாங்க வேண்டிவரும் என்பது என் எக்செல்லில் ஒரு வரியாகக்கூட இல்லை. பழைய மைவி கார் ஒன்று வாங்கினார்கள். தவணை 480. சம்பள உயர்வில் பாதிக்கு மேல் அங்கேயே போயிற்று.

சனிக்கிழமை பதினோரு மணி

வீடு பார்க்க நானும் போனேன். கம்பெனி கொடுத்த ஹோட்டல் நாட்களில் ஒரு சனிக்கிழமை. ஏஜண்டு பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார், நாங்கள் பதினோரு மணிக்குத் தீவிலிருந்து கிளம்பி, தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டு பாலங்களில் இரண்டாம் பாலத்தில் ஏறினோம்.

அந்தப் பாலத்தை முதல்முறை பார்ப்பவனுக்கு வாய் பிளக்கத்தான் செய்யும். பத்து மாவுங்கிலிருந்து பத்து காவான் வரை 24 கிலோமீட்டர், அதில் 16.9 கிலோமீட்டர் கடலுக்கு மேல். 2014 மார்ச்சில் திறந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், எதிரே வெறும் சாலை. மாப்பிள்ளை நூறில் விட்டுக்கொண்டு, "செந்தூல்லேருந்து ஷா ஆலாம் போறதுக்கு இது சொர்க்கம் மச்சான்" என்றார். நானும் ஆமாம் போட்டேன். 25 நிமிடத்தில் அந்தக் கரை.

வீடும் அப்படித்தான் இருந்தது. இரட்டை மாடி இணைப்பு வீடு, புதுத் தாமான் (குடியிருப்பு), வாசலில் இரண்டு கார் நிற்க இடம், கீழேயே அம்மாவுக்கு ஓர் அறை. வாடகை 1,200. செந்தூலில் மூன்று அறை அடுக்கு வீட்டுக்கு 1,500 கொடுத்தவர்களுக்கு இது கனவு மாதிரி. அம்மா பின்பக்கம் போய், துளசி வைக்க இடம் பார்த்துவிட்டு வந்தார். அன்றே முன்பணம். இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை, ஆக 4,200 ரிங்கிட். ஓராண்டு ஒப்பந்தம்.

எங்கள் தப்பு அந்த வீட்டில் இல்லை, நல்ல வீடு. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஓடிய சாலையை வைத்துத் திங்கட்கிழமை காலைக்கு முடிவெடுத்தோம், அதுதான் தப்பு. கோலாலம்பூர்க்காரன் இதைச் செய்யவே கூடாது. ஃபெடரல் நெடுஞ்சாலையின் ஞாயிற்றுக்கிழமை முகத்தை நம்பி எவனும் கிள்ளானில் வீடு பார்க்கமாட்டான். ஊர் புதிது என்றதும் புத்தி கொஞ்சம் விடுமுறைக்குப் போய்விடுகிறது.

திங்கட்கிழமை ஆறு நாற்பது

ஆகஸ்டில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துப் போயிருந்தேன். "வேலைக்கு என்கூட ஒரு தடவை வந்து பாருண்ணே" என்றாள் தங்கை. போனேன்.

பினாங்கில் பொழுது விடிய ஏழே கால் ஆகும். ஆறு நாற்பதுக்கு இருட்டில் கிளம்பினோம். கியருக்குப் பக்கத்தில் கப் வைக்கும் குழியில் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி, மடியில் ரொட்டி, பின் சீட்டில் செருப்பும் பாதுகாப்புச் சப்பாத்தும். டோலில் டச் அண்ட் கோ அட்டையைக் காட்டியபோது 5.74 ரிங்கிட் போனது. பாலத்தின் மேல் வண்டி ஓடியது, பொய் சொல்லக் கூடாது. பாலம் இறங்கும் இடத்தில்தான் சிவப்பு விளக்குகள் மாலை மாதிரி தொங்கின. பெருநிலத்திலிருந்து வரும் அத்தனை பேருக்கும் எட்டு மணி வேலை, அத்தனை பேரும் போவது அதே மூலைக்கு. நின்ற காரில் தங்கை முகம் பார்க்கும் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு மை தீட்டினாள். பத்து மாவுங் விளக்கில் ஒரு கண், அடுத்த விளக்கில் இன்னொரு கண். "இந்த லைட்டு எத்தனை செகண்டுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். ஏழு ஐம்பதுக்கு உள்ளே போனாள். எழுபது நிமிடம். சாயங்காலமும் அதேதான், மழை பெய்தால் இன்னும் கூடும்.

ஒரு நாளைக்கு இரண்டு மணி இருபது நிமிடம். அவள் வீடு வரும்போது மகள் பாடத்தை முடித்து, சாப்பிட்டு, தொலைக்காட்சி முன்னால் தூங்கிக்கொண்டிருப்பாள்.

மாப்பிள்ளைக்கும் நிம்மதி இல்லை. மகளைப் பள்ளியில் ஏழு பத்துக்கு இறக்கிவிட்டு ஜூரு வழியாகப் பிறைக்குப் போக வேண்டும். ஜூரு சந்திப்பில் காலையில் சிக்கியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இருபது கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம்.

வேறு வழிகளையும் பார்த்தார்கள். தொழிற்சாலைப் பஸ் உண்டு. சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். ஆனால் அது ஷிஃப்டுக்கு ஓடுகிறது, காலை ஏழு, இரவு ஏழு. ஐந்தே முக்காலுக்கு முடிப்பவள் ஒன்றேகால் மணி நேரம் கேன்டீனில் உட்கார வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரியிலிருந்து இரண்டு பாலத்திலும் டோல் இல்லை, ஆனால் கடல் காற்றில் 17 கிலோமீட்டர் ஓட்ட அம்மா ஒரே வார்த்தையில் தடை போட்டார். ஃபெரி பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குத்தான், அதுவும் 2020 முடிவோடு கார் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். (சின்ன வயதில் அப்பாவின் காரோடு அந்தப் பெரிய ஃபெரியில் ஏறி, கதவைத் திறந்துகொண்டு தண்ணீரைப் பார்க்க ஓடியது ஞாபகம் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அது இல்லை.) பினாங்கில் எல்ஆர்டி ரயில் வேலை 2025-இல்தான் தொடங்கியது, முடிக்க வைத்திருக்கும் இலக்கு 2031. ஏஜண்டுகள் விளம்பரத்தில் இப்போதே அதன் பக்கத்தில் வீடு விற்கிறார்கள்.

ஒரே பாலம், எதிர்த் திசை

தீபாவளிக்கு அவர்கள் செந்தூலுக்கு வந்திருந்தபோது மறுபடி கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். இந்த முறை பேனா, தாள்.

முதல் கணக்கில் நான் கேட்ட கேள்வி, "எங்கே வாடகை குறைவு?" பிறகு அதைக் கொஞ்சம் திருத்தி, "யார் பாலம் தாண்டணும்?" என்று கேட்டேன். பெருநிலத்தில் இருந்தால் தங்கை தாண்டுவாள், தீவில் இருந்தால் மாப்பிள்ளை தாண்டுவார். யாரோ ஒருவர் தாண்டித்தான் ஆக வேண்டும், டோல் ஒரே 5.74 ரிங்கிட்தான், ஆகவே வாடகை குறைந்த பக்கம் போ என்று அன்று முடித்துவிட்டேன்.

விடுபட்டது திசை. காலையில் கூட்டம் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வருகிறது, மாலையில் தீவிலிருந்து பெருநிலத்துக்குத் திரும்புகிறது. தீவில் குடியிருந்து பிறையில் வேலை பார்ப்பவன் காலையும் மாலையும் கூட்டத்துக்கு எதிரே போகிறான். டோலும் தீவுக்குள் நுழையும்போது மட்டும்தான். அவன் சாயங்காலம் வீடு திரும்பும்போது கட்டுவான். அதே பாலம், அதே காசு, ஆனால் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

எண்கள் இவை. பெட்ரோல் விலை 1.99, அந்தச் செப்டம்பர் கடைசியில் மானிய விலை அப்படி ஆனது. நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். சிம்பாங் அம்பாட்டில் வாடகை 1,200. தங்கைக்கு 22 நாள் டோல் 126. அவள் பெட்ரோல் ஒரு நாளைக்கு 76 கிலோமீட்டருக்கு மாதம் 233. மாப்பிள்ளை பெட்ரோல் 145. மொத்தம் 1,704. சுங்கை ஆராவில் மூன்று அறை அடுக்கு வீட்டுக்கு 1,700 கேட்டார்கள். மாப்பிள்ளைக்கு வாரம் ஆறு நாள், 26 நாள் டோல் 149. அவர் முதல் பாலத்தில் போய்வரப் பெட்ரோல் 181. தங்கைக்குப் போய்வர 12 கிலோமீட்டர், மாதம் 37. மொத்தம் 2,067. கார் தவணை இரண்டு பக்கமும் ஒன்றே.

வித்தியாசம் 363 ரிங்கிட். வாடகையை மட்டும் பார்த்தால் 500 கூடுதலாகத் தெரிந்தது, 363-ஆக இறங்கியது. அதற்குப் பதிலாகத் தங்கைக்குத் தினமும் ஒன்றே முக்கால் மணிக்கு மேல் மிச்சம், மாதத்துக்கு 40 மணி நேரம். வகுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒன்பது வெள்ளி (ரிங்கிட்) சொச்சம்.

தங்கை தாளைத் திருப்பிப் பார்த்து, "ஒரு நாசி கண்டார் சோத்துக் காசுண்ணே" என்றாள்.

"இந்தியனா?"

வீடு தேடும் பகுதியை நாசூக்காக எழுதலாம் என்று நினைத்தேன், அது ஏமாற்று வேலை. தங்கை பதினோரு விளம்பரங்களுக்கு அழைத்தாள். ஐந்து இடத்தில் பேச்சு ஒரே இடத்தில் முடிந்தது. எத்தனை பேர், என்ன வேலை, எப்போது வருவீர்கள் என்று இனிமையாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் இனம் கேட்பார்கள். இந்தியர் என்றதும் ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் இருக்கும். ஒருவர் மட்டும் நேராகவே சொன்னார்: சமையல் வாசம், வாடகை பாக்கி, ஓனர் பயப்படுகிறார்.

குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இந்த நாட்டில் இல்லை, ஆகவே இதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க ஓர் இடமும் இல்லை. தங்கை என்ன செய்தாள் என்றால், அடுத்த அழைப்பிலிருந்து இனத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டாள். "நாங்க இந்தியக் குடும்பம், நாலு பேரு, ரெண்டு பேருக்கும் நிரந்தர வேலை, சம்பளச் சீட்டு தர்றேன், வீடு காலியா?" கோபம் குறைந்ததோ இல்லையோ, நேரம் மிச்சமாயிற்று. சுங்கை ஆரா வீடு இணையத்தில் கிடைக்கவே இல்லை. அவளோடு வேலை பார்க்கும் ஓர் அக்கா, தன் அடுக்கில் ஒரு வீடு காலியாகிறது என்று கேன்டீனில் சொன்னார். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு என்னால் தைரியமாகச் சொல்ல முடிந்தது இதுதான்: முதல் ஒரு மாதம் எங்காவது அறை எடுத்துத் தங்குங்கள், கேன்டீனில் நாலு பேரிடம் பேசுங்கள். ஹோட்டல் நாட்களுக்குள் ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்று எந்தக் கம்பெனியும் கேட்கவில்லை, அவசரம் நமக்குத்தான்.

அதற்கு முன்னால் ரெலாவில் 1,100-க்கு ஒரு பிளாட் பார்த்தார்கள். நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. தீவில் அந்தக் காலத்து ஐந்து மாடி பிளாட்டுகள் பலவும் அப்படித்தான். அம்மா இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "பத்துமலையில 272 படி, அது வருசத்துக்கு ஒரு தடவை. இது உப்பு வாங்கப் போனாலுமா?" என்றார். ரெலா அதோடு முடிந்தது.

சுங்கை ஆரா வீட்டைக் கையெழுத்துப் போடுமுன் மூன்று வேலை நாள் சோதித்தார்கள். மாப்பிள்ளை காலை ஏழு மணிக்கு அந்த அடுக்கின் வாசலில் காரை நிறுத்தி, அங்கிருந்து பிறைக்குப் போனார். மாலையில் பிறையிலிருந்து அதே வாசலுக்கு வந்தார். 35 நிமிடம், 40, 35. ஏஜண்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வீட்டுக்குள்ள வராம வெளிய நின்னு மணி பாக்குறீங்களே பாஸ்" என்றாராம்.

விட்டதும் கிடைத்ததும்

பழைய வீட்டு ஒப்பந்தத்தில் இடையில் விலகும் நிபந்தனையே இல்லை. பத்தாவது மாதத்தில் கிளம்பினால் இரண்டு மாத டெபாசிட்டும் ஓனருக்குப் போக வேண்டும், 2,400. மாப்பிள்ளை தன் கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவரையே அடுத்த வாடகைக்காரராகக் கூட்டிப் போனார். ஓனர் நல்ல மனுஷன், ஒரு மாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். லோரிக்கு 550. தப்பின் ரொக்க விலை 1,750 ரிங்கிட். புது வீட்டு முன்பணம் 5,950-ஐ இதில் சேர்க்கவில்லை, அதில் பெரும்பகுதி திரும்பி வரும் காசு.

ரொக்கத்தில் வராத விலையை மருமகள் கொடுத்தாள். ஒரே ஆண்டில் மூன்று பள்ளி. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் தமிழ்ப்பள்ளி கிடைக்குமா என்ற கவலை இரண்டு பக்கமும் இல்லை. தீவின் அந்தப் பக்கத்திலேயே சுங்கை ஆரா, பாயான் லெப்பாஸ், கெலுகோர் என்று உண்டு. இடம் கிடைப்பது எளிது, சிநேகிதி கிடைப்பது அப்படியில்லை. 2026 ஜனவரியில் புதிய பள்ளியில் ஒரு வாரம் முடிந்த பிறகு தொலைபேசியில் கேட்டேன், யாரோடு ஓய்வு நேரத்தில் சாப்பிடுகிறாய் என்று. "பாட்டி குடுத்த டப்பாவோட" என்றாள். இப்போது இரண்டு பேர் இருக்கிறார்களாம், அதில் ஒருத்தி கொஞ்சம் அடிப்பாளாம்.

வீடு சின்னதாகிவிட்டது. துளசி பால்கனியில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே. கார் நிறுத்த ஒரே இடம், இரண்டாவது கார் தெருவில். மாப்பிள்ளையும் எப்போதும் தப்பிப்பதில்லை. முதல் பாலம் 1985-இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர், அதில் ஒரு விபத்து நடந்துவிட்டால் எந்தத் திசையாக இருந்தாலும் நடுக்கடலில் இறங்கி ஓட வழியில்லை. ஜனவரியில் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார்.

அம்மாவுக்கு மட்டும் குறை இல்லை. பிப்ரவரி முதல் தேதி தைப்பூசம். விடியற்காலையிலேயே தண்ணீர்மலைக்குப் போய், அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டு, தண்ணீர்ப் பந்தலில் பசியாறி, பத்து மணிக்கு வீட்டில் இருந்தார். மலை ஏறவில்லை. "முருகன் கீழ வந்து பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டார்.

தங்கை இப்போது ஏழரைக்குக் கிளம்புகிறாள். மகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவதும் அவள்தான்.

போன வாரம் ஏஜண்டு மெல்ல ஒரு சேதி சொல்லி வைத்திருக்கிறார்: ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஓனர் 1,850 கேட்பாராம். தங்கை உடனே எனக்கு அழைத்தாள்.

"அண்ணே, அந்த ஒன்பது வெள்ளி கணக்கு இப்ப எவ்வளவு வரும்?"

363 இனி 513. நாற்பதால் வகுத்தேன். "பதிமூணு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் மகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"பதினஞ்சு வரைக்கும் தாங்கும்ணே. ஆனா ஓனர்கிட்ட 1,750-லேருந்து பேச ஆரம்பிக்கிறேன்."